முள் நிற்கிறது என்று சொன்னேன்

மே 3, திங்கள்

தேதியும் கிழமையும் எழுதிவிட்டு, வருஷம் என்ன போட என்று தெய்வானை கேட்டாள். செம்மொழி மாநாட்டுக்காகக் கோயமுத்தூர் முழுக்கத் தோண்டிப் போட்ட வருஷம் என்று போடு என்றேன். அவிநாசி ரோட்டில் காலையில் தார் ஊற்றுகிறார்கள், சாயங்காலம் கேபிளுக்காக அதையே வெட்டுகிறார்கள். சோற்றில்கூடத் தார் வாசம். வெளியூர் ஆட்கள் வருவதற்குள் எல்லாம் முடிய வேண்டுமாம். நாங்கள் குழாய் போடுகிற ஆறு மாடி ஜவுளிக்கடையும் அதற்குள் திறந்தாக வேண்டுமாம். 2010 என்று அவளே போட்டுக்கொண்டாள்.

என் பெயர் மருதாசலம். வயது அறுபத்தாறு. குழாய் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மனைவி, எட்டாவது பாஸ்.

இந்த நோட்டு ஞானப்பிரகாசம் வாங்கிக் கொடுத்தது. லைசென்ஸ் அவன் பெயரில் இருக்கிறது. மாநகராட்சியில் கையெழுத்துப் போடுவது அவன், சுவருக்குள் குழாய் போடுவது நான். முப்பத்தாறு வருஷமாக இப்படித்தான். போன மாசி மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான். பிளம்பர் பாத்ரூமில் விழுந்த கதையைப் புலியகுளம் முழுக்கச் சொல்லிச் சிரித்து முடித்தாயிற்று. இப்போது வாக்கர் வைத்து வீட்டுக்குள்ளே நடக்கிறான். சைட்டுக்கு வர முடியாது.

"கையெழுத்து என்னுது. அங்க தினம் என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியோணும். பொழுதோட தெய்வானைகிட்டச் சொல்லு, அது எழுதி வெக்கட்டும். சனிக்கிழமை நான் படிச்சுக்கறேன்" என்றான்.

"நான் பேசறது பூராமா எழுதினா அதுக்குக் கை வலிக்கும்."

"நாப்பது வருஷம் கேட்டுக் காது வலிக்கலையா அதுக்கு? எழுதட்டும்."

இன்று மூன்றாம் மாடியில் பெரிய குழாய் முடிந்தது. வால்வு, படிக்கட்டில் இருந்து நுழைந்ததும் இடது கைப்பக்கம், என் தோள் உயரம்.

மே 4, செவ்வாய்

மூன்றாம் மாடி முடிந்தது. நாற்பத்தொரு ஜாயிண்ட். மதியம் தயிர்ச் சோறு, மாவடு. மாவடு நன்றாக இருந்ததா என்று சொல்லவில்லையே என்கிறாள். இருந்தது.

மே 8, சனி

ஞானம் வீட்டுக்குப் போனேன். நோட்டை வாங்கி வாய்விட்டுப் படித்தான். அவன் மனைவி ரோஸ்லின் காபியோடு வந்து நின்று கேட்டது.

"மாவடு வந்துருக்குது. நாலாம் மாடிக்கு எத்தனை நீளம் குழாய் போச்சுன்னு காணோமே?" என்றான்.

"எழுதறவங்க போட்டதுதானே மாவடு" என்றது ரோஸ்லின்.

பிறகு சைட்டைப் பற்றிக் கேட்டான். எஞ்சினியர் எப்படி என்றான். நவநீதன் என்று பெயர், ஈரோட்டுப் பிள்ளை, இருபத்தாறு வயது, படி ஏறும்போது இரண்டிரண்டாகத் தாவுகிற சத்தம் கேட்கும், குரலில் எப்போதும் அவசரம் என்றேன். நல்ல பிள்ளைதான். என்னை ஐயா என்கிறது.

"ஆள் எப்படி இருப்பான்?"

"எஞ்சினியர் மாதிரி இருப்பான். பொண்ணா குடுக்கப்போறே?"

அதற்குமேல் கேட்கவில்லை.

மே 13, வியாழன்

நாலாம் மாடி, பெண்கள் கழிப்பறை. ஒரு சுவருக்கு உண்டான குழாய், மூன்று வாய் டீ, வளைவுக்கு எல்போ எல்லாவற்றையும் முதலில் சும்மா செருகி அளவு சரிபார்ப்பது என் வழக்கம். பிறகு அடியில் இருந்து ஒவ்வொன்றாக உருவி, ஒட்டுகிற சொல்யூஷன் தடவி, திரும்பச் செருகி, முப்பது எண்ணும்வரை பிடித்துக்கொள்வேன். இரும்புக் குழாய்க் காலத்தில் மரைக்குச் சணல் சுற்றி முறுக்கினால் தீர்ந்தது. இந்த பிளாஸ்டிக்கில் இப்படி இரண்டு வேலை.

பதினொன்றரைக்கு டைல் லாரி வந்துவிட்டது. ரோட்டில் நிற்கவிடாமல் போலீஸ் விரட்டுகிறது, எல்லோரும் வாங்க என்று மேஸ்திரி பொன்னுரங்கம் கத்திய கத்தலில் நானும் இறங்கினேன். தலைச்சுமை தூக்கவில்லை, ஞானா, பயப்படாதே. கை மாற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான். மேலே ஏறும்முன் தெய்வானை கொடுத்துவிட்ட கச்சாயம் இரண்டு தின்றேன். வெல்லமும் ஏலக்காயும் கம்மென்று மணத்தது. பிறகு போய் விட்ட இடத்தில் இருந்து முடித்தேன். முப்பத்தெட்டு ஜாயிண்ட்.

மே 15, சனி

லைசென்ஸ் பரீட்சைக் கதையை ரோஸ்லின் கேட்டது. ஆயிரம் தரம் கேட்டிருக்கும், ஆனால் ஞானம் சொன்னால் ஒரு மாதிரி, நான் சொன்னால் ஒரு மாதிரி. எழுபத்து நாலில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். காலையில் கைவேலை. மரை போடுவதில் நான் முதல். ஆபீசர் குழாயைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். வெள்ளைச் சட்டையில் மைக்கறை, வழுக்கைத் தலை, இடது கையில் கடிகாரம், இன்றைக்கும் மனசில் அப்படியே இருக்கிறது. மதியம் எழுத்துப் பரீட்சை. ஒரு மணி நேரம் வெறும் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து டெஸ்க்கில் இருந்து ஞானம் தன் தாளை என் பக்கம் நகர்த்தினான்.

"நகர்த்தி என்ன பிரயோசனம்? பார்த்து எழுதறதுக்கும் எழுதத் தெரியோணுமே" என்றான் ஞானம் இன்று. ரோஸ்லின் சிரித்துச் சிரித்து இருமியது.

அன்றைக்கே வெளியே டீக்கடையில் சொன்னான்: "லைசென்ஸ் வந்தா என் பேருக்கு வரும். கை உன்னுது. நீ சொல்லாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்." அந்தப் பேச்சு இன்னும் மாறவில்லை.

மே 21, வெள்ளி

மழை. கரண்ட் இல்லை, வேலை இல்லை. தெய்வானையோடு தாயம் ஆடித் தோற்றேன். விழுந்த சோழியை அவளே எண்ணிச் சொன்னாள். ஏமாற்றுகிறாள் என்று எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறாளா தெரியாது.

மே 27, வியாழன்

வருவதற்கு நேரமாகிவிட்டது. உக்கடம் வரை போய்த் திரும்பினேன்.

"ஏனுங்க, நம்ம வண்டியில ஏறாம உக்கடம் வண்டியில எதுக்கு ஏறுனீங்க?" என்றாள்.

எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு எல்லா வண்டியும் ஒன்றுதான் என்றேன்.

"நாப்பது வருஷமா படிக்கத் தெரியாமத்தான் சரியா வந்து சேந்தீங்க."

அதை எழுத வேண்டாம் என்றேன். எழுதுகிறாள்.

ஜூன் 2, புதன்

ஆறு மாடிக்கும் தண்ணீர்ச் சோதனை. எல்லாக் குழாய் வாயையும் அடைத்து, தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் ஏழு கிலோ அழுத்தம் ஏற்றி, ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும். மறுநாள் அழுத்தம் காட்டுகிற கேஜில் முள் அதே இடத்தில் நின்றால் சுவரை மூடலாம். இறங்கினால் எங்கோ ஓட்டை.

ஏழு கிலோ வருவது கைக்குத் தெரியும். கைப்பிடி முதலில் தண்ணீரில் துடுப்புப் போல் போகும், பிறகு மாடு இழுக்கிற மாதிரி இழுக்கும், ஏழில் நம்மையே தூக்கும். நவநீதன் வந்து, "கரெக்டா ஏழுங்க ஐயா" என்றது. வால்வை அடைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 3, வியாழன்

பத்து மணிக்குக் கேஜ் பார்க்க வேண்டும். நவநீதனை மாநகராட்சி ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். டைல் ஆட்கள் கலவை போட்டு வைத்துக்கொண்டு நின்றார்கள். போனில்தான் கேட்டது.

"ஐயா, முள் நிக்குதுங்களா?"

கைப்பிடியை ஒரு தரம் அழுத்திப் பார்த்தேன். வெயில் அதிகம். ஹோஸ் சூடாக இருந்தது.

நிற்கிறது என்று சொன்னேன்.

ஜூன் 5, சனி

ஞானம் கேட்டான், "நின்னுதாடா?" நின்றது என்றேன். கடை திறக்கும்முன் மாநகராட்சிக்குக் கொடுக்க வேண்டிய பாரத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. இந்த வேலைக்கு நான் பொறுப்பு, ஒழுகினால் என் லைசென்ஸை எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பாரத்தில் இருக்கிறதாம். ஒவ்வொரு தரமும் அதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் போடுவான். இன்றும் படித்தான்.

ரோஸ்லின் ஆட்டுக்கால் சூப்புக் கொடுத்தது. குடித்தேன்.

ஜூன் 8, செவ்வாய்

சொல்ல ஒன்றுமில்லை. தெய்வானை, மூடிவை.

ஜூன் 10, வியாழன்

இன்று அந்தக் கடைக்குச் சரக்கு வந்தது. நாலாம் மாடி முழுக்கக் கல்யாணப் பட்டு. பெட்டி பெட்டியாக ஏற்றினார்கள். புதுப்பட்டுக்கு ஒரு வாசம் உண்டு, கஞ்சியும் சாயமும் கலந்தது. பெண்கள் கழிப்பறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பட்டு அலமாரி. ஈரம் இருக்கிறதா என்று சுவரைத் தடவிப் பார்த்தேன்.

ஞானா, இதை நீ நாளை மறுநாள் படிப்பாய். நேரில் சொல்ல வாய் வரவில்லை. தெய்வானைக்கும் இப்போதுதான் தெரிகிறது, எழுதிக்கொண்டே கேட்கிறாள்.

எனக்குக் கண் சரியில்லை. தை மாதத்தில் இருந்து எல்லாம் புகைக்குள் இருக்கிற மாதிரி. கேஜில் வட்டம் தெரிகிறது, முள் தெரியவில்லை. நவநீதனுக்குத் தெரிந்தால் என்னை வேலையில் இருந்து நிறுத்திவிடும். நீயும் வர முடியாது, நானும் இல்லை என்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று மறைத்தேன். அது ஒரு காரணம். வீட்டில் உட்கார பயம், அது இன்னொரு காரணம்.

முள்ளைப் பார்க்க முடியாவிட்டால் போகிறது. கையை நம்பியிருக்கலாம். அன்றைக்குக் கைப்பிடியை அழுத்தியபோது அது என்னைத் தூக்கவில்லை. கொஞ்சம் அமுங்கியது. கொஞ்சம்தான். தூங்குகிற குழந்தை மூச்சு விடுகிற அளவு. வெயில் சூட்டில் பம்பின் ஹோஸ் இளகியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கலவை காய்கிறது என்று மேஸ்திரி பின்னால் நின்றான். நிற்கிறது என்று சொல்லிவிட்டேன்.

எங்கோ ஒரு ஜாயிண்ட் சொல்யூஷன் தடவாமல் சும்மா செருகியபடி நிற்கிறது என்று நினைக்கிறேன். இறுகிப் பிடித்திருந்தால் கொஞ்ச நாள் தாங்கும். மோட்டார் ஓடி ஓடி ஒரு நாள் உருவிக்கொள்ளும். அன்றைக்கு அந்தப் பட்டும் போகும், உன் லைசென்ஸும் போகும். பாரத்தை நீ கிழித்துப்போட வேண்டும்.

தெய்வானை அழுகிறாள். நான் சொல்லி எழுதவில்லை, தானாக எழுதிக்கொள்கிறாள்.

ஜூன் 12, சனி

நோட்டைக் கொடுத்துவிட்டுக் கதவுப் பக்கமே நின்றேன். இந்தத் தரம் அவன் வாய்விட்டுப் படிக்கவில்லை. பக்கம் திரும்புகிற சத்தம் மட்டும். பிறகு, "உக்காரு" என்றான்.

"கண்ணு தெரியலைன்னு எனக்கு முன்னாலயே தெரியும்டா."

"யாரு சொன்னா?"

"நீதான். எழுபத்து நாலுல ஒரு ஆபீசரோட சட்டையில மைக்கறைங்கறே. இந்த எஞ்சினியர் தினம் முன்னால நிக்கறான், குட்டையா நெட்டையா தெரியலை உனக்கு. இந்த நோட்டுல வாசம் இருக்குது, சத்தம் இருக்குது, மாவடு இருக்குது. இன்னைக்கு நடந்ததுல ஒரு நிறம்கூட இல்லை."

"அப்புறம் எதுக்குக் கையெழுத்துப் போட்டே?"

"முள்ளு தெரியாதுன்னு தெரியும். கை பாத்துருக்கும்னு நெனச்சேன்."

அப்போதுதான் உட்கார்ந்தேன். முப்பத்தாறு வருஷத்தில் அவன் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை, இன்றைக்குத் திட்டியிருந்தால் தேவலை.

பிறகு வரைபடத்தை மேஜையில் விரித்தான். "கண்ணு போனா போகுது. ஞாபகம் இருக்குதில்ல? சொல்லு. ஒண்ணொண்ணா சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு தரைத்தளத்தில் இருந்து ஆரம்பித்தேன். எந்தச் சுவர், எத்தனையாவது டீ, என்ன கிழமை, பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் யார் என்ன பேசினார்கள் எல்லாம் வந்தது. அவன் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தான். ரோஸ்லின் இரண்டு தரம் காபி வைத்தது. மூன்று மாடி முடிந்தது. நாலாம் மாடிக்கு வந்ததும் சந்தேகம் வந்து, அன்றைய நோட்டைப் படித்துக் காட்டச் சொன்னேன். படித்தான். லாரி, மேஸ்திரி, கச்சாயம்.

"நிறுத்து" என்றேன்.

சொல்யூஷன் தொட்ட கையால் எதைத் தின்றாலும் அதில் அந்த நெடி ஏறிவிடும். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினாலும் போகாது. தெய்வானையின் இட்லியைக்கூட அந்த நாற்றத்தோடுதான் தின்பேன். அன்றைக்குக் கச்சாயத்தில் ஏலக்காய்தான் மணத்தது. ஆகவே லாரி வருவதற்கு முன் நான் ஒன்றையும் ஒட்டவில்லை, எல்லாம் சும்மா செருகல். ஆனால் முதல் டீயை ஒட்டிவிட்டுத்தான் இறங்கினேன் என்ற நினைப்பில், மேலே வந்து இரண்டாவதில் தொடங்கியிருக்கிறேன்.

"வாசல்ல இருந்து மூணாவது வாஷ்பேசின். அதுக்குப் பின்னாலதான் அந்த டீ, என்ற முட்டிக்கு மேல ஒரு சாண்."

ஞானம் அதில் பென்சிலை அழுத்தி வட்டம் போட்டான். "நாளைக்கு நானும் வர்றேன்" என்றான்.

"எப்படி வருவே?"

"எப்படியோ."

ஜூன் 13, ஞாயிறு

லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. நாலு மாடிக்குத் தொண்ணூற்றாறு படி. ஞானம் படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை ஊன்றி ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே ஏறினான். வாக்கரைத் தூக்கிக்கொண்டு நான் கீழ்ப்படியில் வந்தேன். பாதியில் நின்று மூச்சு வாங்கினான்.

"இடுப்பு ஒடிஞ்சவன் ஒருத்தன், கண்ணு மங்கினவன் ஒருத்தன். ஆறு மாடி கான்ட்ராக்ட். யாராச்சும் பாத்தா சிரிப்பாங்கடா."

"ஞாயித்துக்கிழமை. மேல எஞ்சினியரும் மேஸ்திரியும்தான். ஏறு."

நவநீதனிடம் ஞானம்தான் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. 

"ஏனுங்க ஐயா, நான் போன்ல கேட்டப்ப நிக்குதுன்னு சொன்னீங்களே."

"சொன்னனுங்க தம்பி."

"அடுத்த ஞாயித்துக்கிழமை கடை தொறப்பு. டைல் ஒட்டி, பேசின் மாட்டி, எல்லாம் முடிஞ்சுது. இப்ப வந்து சுவத்த ஒடைக்கோணும்கறீங்க. ஒரே ஒரு டைல் எடுக்க விடறேன். அதுல இல்லைன்னா முதலாளிகிட்டச் சொல்லித்தான் ஆகோணும். மாநகராட்சிக்கும் எழுதிருவாரு. உங்க லைசென்ஸ் அப்புறம் இல்லீங்க" என்று ஞானத்திடம் சொன்னது.

ஞானம் சரி என்றான்.

நவநீதனும் பொன்னுரங்கமும் பேசினைக் கழற்றினார்கள். நான் வாசலில் இருந்து சுவரைத் தடவிக்கொண்டே போய், முட்டிக்கு மேல் ஒரு சாண் வைத்து, இதுதான் என்று உள்ளங்கையை ஒட்டினேன். பொன்னுரங்கம் உளியை வைத்தான். அந்த மனிதன் இன்று ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. ஐந்தாறு தட்டில் டைல் வந்துவிட்டது. பின்னால் இருந்த பூச்சையும் கொத்தி எடுத்தான்.

"எல்போ. நல்லா ஒட்டியிருக்குதுங்க" என்றது நவநீதன். டார்ச் அடித்துச் சொன்னது. "சொல்யூஷன் வழிஞ்சு தெரியுது."

வாக்கர் தரையில் ஒரு தரம் கிரீச்சிட்டது.

கையை உள்ளே விட்டேன். எல்போ எனக்கும் தெரிந்தது, ஓரத்தில் மெழுகு மாதிரி வழிந்து காய்ந்திருந்தது. டைல் ஆட்கள் தரையைக் கலவை போட்டு உயர்த்தியிருக்கிறார்கள், நான் அளந்தது பழைய தரையில் இருந்து. அப்படியென்றால் டீ இதற்கு நாலு விரல் கீழே. பூச்சின் முனை மணிக்கட்டைக் கிழிக்கிற அளவுக்குக் கையைத் திணித்தேன். டீ கிடைத்தது. ஓரத்தைச் சுற்றி விரலை ஓட்டினேன். வழுவழு என்று இருந்தது, வழிசல் இல்லை. சொல்யூஷன் தடவினால்தான் குழாய் முழுக்க வழுக்கிப் போய் உட்காரும். இது முக்கால்தான் போயிருந்தது. குழாயை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினேன். திரும்பியது.

"தம்பி, கையை விட்டுப் பாருங்க" என்றேன்.

நவநீதன் விட்டுப் பார்த்தது. அதற்கும் திரும்பியிருக்க வேண்டும். கையை எடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"இது பட்டு மேல வந்துருந்தா" என்றது. முடிக்கவில்லை.

ஒட்டியது நான்தான். ஞானம் சொல்யூஷன் டப்பாவைப் பிடித்துக்கொண்டான். முப்பது எண்ணினேன். போதாது, இன்னொரு முப்பது எண்ணு என்றான். எண்ணினேன்.

ஜூன் 15, செவ்வாய்

மறுபடியும் ஏழு கிலோ, மறுபடியும் ஒரு நாள். ஞானம் வீட்டுக்குப் போகவில்லை. கேஜுக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். ரோஸ்லின் டிபன் கேரியரோடு வந்து, இடுப்பு ஒடிந்த மனுஷனை என்ன பண்ணி வைத்திருக்கிறீர்கள் என்று என்னைத் திட்டிவிட்டுப் போனது.

நேற்றுப் பத்து மணிக்கு ஏற்றினோம். இன்று பத்து மணி. நவநீதனும் பொன்னுரங்கமும் பக்கத்தில் நின்றார்கள்.

"முள் நிக்குதுங்களா?" என்று நவநீதன் கேட்டது, ஞானத்தைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. குரல் என் பக்கம் வந்தது.

கைப்பிடியை அழுத்தினேன். என்னைத் தூக்கியது.

"நிக்குதுங்க" என்றேன்.

"ஏழு. மயிரிழை மாறலை" என்றான் ஞானம்.

பழைய பாரத்தைக் கிழித்துவிட்டு, இன்றைய தேதி போட்டுப் புதிதாகக் கையெழுத்துப் போட்டான். போகும்போது நவநீதன் அவனிடம் தனியாகச் சொன்னது, தனியாகச் சொன்னாலும் என் காது நல்ல காது. "தப்பா நெனச்சுக்காதீங்க. அடுத்த சைட்டுக்கு ஐயா வேண்டாமுங்க."

"வேண்டாம் தம்பி. கண்ணு ஆபரேஷன் முடியற வரைக்கும் வேண்டாம்" என்றான் ஞானம். "நானே விடமாட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் வந்தது.

ஜூன் 20, ஞாயிறு

கடை திறந்தார்கள். எங்களைக் கூப்பிடவில்லை, குழாய்க்காரனை யார் கூப்பிடுவார்கள். தெய்வானையும் நானும் கூட்டத்தோடு கூட்டமாகப் போனோம். நாலாம் மாடியில் பட்டு பார்க்கிறேன் என்று அவள் போனாள். நான் கழிப்பறை வாசலில் நின்று குழாய் திறக்கிற சத்தத்தையும் மூடுகிற சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன். பெண்கள் கழிப்பறை வாசலில் கிழவனுக்கு என்ன வேலை என்று செக்யூரிட்டி விரட்டியது.

ஜூலை 9, வெள்ளி

வலது கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள். முதலில் தெரிந்தது டாக்டரம்மாவின் பச்சைச் சட்டை. வெளியே நாற்காலியில் தெய்வானை. மயில் கழுத்து நிறச் சேலை, அதில் மஞ்சள் பொட்டு. தலை நரைத்துவிட்டது, தையில் இவ்வளவு இல்லை. அவளிடம் சொன்னேன், அதை எழுதமாட்டாள். பக்கத்தில் ஞானம், சிவப்புக் கோடு போட்ட சட்டை, வாக்கர் போய்க் கைத்தடி வந்திருக்கிறது.

"இப்ப சொல்லு. எஞ்சினியர் குட்டையா நெட்டையா?" என்றான்.

"பார்த்துட்டுச் சொல்றேன்."

நேற்றே நவநீதன் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்து போனதாம், நான் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தேனாம். நெட்டையாம்.

பிப்ரவரி 20, ஞாயிறு

அலமாரி ஒதுக்கும்போது இந்த நோட்டு கிடைத்தது. பாதிக்குமேல் வெறும் பக்கம். வருஷம் என்ன போட என்று அவள் மறுபடியும் கேட்கிறாள். கொரோனாவின் மூன்றாம் அலை ஓய்ந்து, பத்துப் பதினோரு வருஷம் கழித்து மாநகராட்சிக்கு ஓட்டுப் போட்ட மறுநாள் என்று போடு. நேற்றுதான் விரலில் மை வைத்தார்கள். 2022.

வியாழக்கிழமை ஞானத்தைப் புலியகுளம் கல்லறையில் வைத்தோம். நோய் நொடி இல்லாமல் தூக்கத்தில் போனான். அந்த ஜவுளிக்கடைக்குப் பிறகும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏழு கட்டிடம் முடித்தோம், அவன் கேஜுக்கு எதிரில் நாற்காலி போட்டு, நான் கைப்பிடியில். கல்லறை வாசலில் யாரோ சொன்னார்கள்: ஞானப்பிரகாசம் கையெழுத்துப் போட்ட கட்டிடத்தில் ஒரு சொட்டு ஒழுகினதில்லை. எல்லோரும் ஆமாம் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். அது உண்மைதான். எவ்வளவு கிட்டத்தில் வந்து தப்பிய உண்மை என்பது அங்கே நின்றவர்களில் வேறு யாருக்கும் தெரியாது.

தெரிந்தவர்களை எண்ணிப் பார்க்கிறேன். உளி பிடித்த பொன்னுரங்கம், ஐந்நூறு ஆயிரம் நோட்டு செல்லாமல் போன வருஷம், சர்க்கரையில் கால் எடுத்து, அது ஆறாமல் போனான். நவநீதன் கத்தாருக்கு வேலைக்குப் போய், முதல் அலையில் அங்கேயே மண்ணாகிவிட்டது, முப்பத்தாறு வயது, அந்தப் பிள்ளைக்கு இரண்டு பெண் குழந்தைகள். ரோஸ்லின் போன பங்குனியில், ஞானத்துக்குக் கஞ்சி வைத்துவிட்டு உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. வியாழக்கிழமை ஞானம்.

அந்தச் சுவருக்குள் நான் விட்டதும், அதற்காக அவன் தொண்ணூற்றாறு படி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியதும் தெரிந்தவர்களில், என்னை விட்டால், மிச்சம் ஒரே ஒருத்தர். பேனாவை ஏன் நிறுத்துகிறாய், எழுது. உன் பெயர்தான். தெய்வானை.